இருட்டறையில் பூத்த வாணம்

‘காசைக் கரியாக்குதல்’ என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. வாணவேடிக்கையைக் கண்டே அத்தொடர் பிறந்ததோ என்று எண்ணத் தோன்றும். ஆயிரம் உரூபாய்க்கு வாங்கிய வாணம் அரை நாழிகையில் எரிந்து தீர்கிறது. விடிந்தபின் முற்றத்தில் கிடப்பது கரியும் காகிதமுமே. ஆசிரியப் பணியில் இருக்கும் நான் கால் நூற்றாண்டுக்கு மேலாக மாணவர்க்கு இதனைச் சொல்லி வந்தேன். வீண்செலவு கூடாது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேறு கிடைப்பதரிது.

என் பாடத்தை மீண்டும் ஒருமுறை நானே ஓதிப் பார்க்கும்படி செய்தது ஒரு சிறு நிகழ்ச்சி. தமக்கையார் வீட்டில் ஒரு திருமணம் நடந்து முடிந்த இரவு. மாப்பிள்ளை ஊர்வலத்தில் கொளுத்தியது போக எஞ்சிய புஸ்வாணங்களையும் கம்பி மத்தாப்புகளையும் பிள்ளைகள் கொல்லைப்புறத்துக்கு எடுத்துச் சென்றனர். தமக்கையின் இளைய மகன் தன் கேமராவை முக்காலி ஒன்றில் பொருத்திக் கிணற்றடியில் நிறுத்தினான். ஒரு புஸ்வாணம் எரிந்து அடங்கியதும் ஓடிவந்து படத்தைக் காட்டினான்.

கண்ணால் நான் கண்டது சிதறிப் பாயும் பொறிகளின் கூட்டம். படத்தில் இருந்ததோ ஒரு மரம். அடியில் ஒடுங்கி, மேலே விரிந்து, நூறு நூறு பொன்னிழைகளாக வளைந்து மண்ணைத் தொடும் ஒளிமரம். ஓர் இழை எங்கே புறப்பட்டு எங்கே இரண்டாய்ப் பிளந்து எங்கே அவிந்தது என்பதுவரை அதில் எழுதப்பட்டிருந்தது.

“மாமா, இந்த மரத்தை நாம் யாருமே பார்க்கவில்லையே! படத்துக்குள் எப்படி வந்தது?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அதற்கு விடை கூறுமுன், அந்தப் பொறி நம் கொல்லைப்புறம் வந்து சேர்ந்த வழியைச் சற்றே காண்போம்.

மருந்து என்னும் சொல்

வாணத்தின் உயிர் வெடியுப்பு. அதனோடு கந்தகமும் கரியும் சேர்ந்தால் வெடிமருந்து. இம்மூன்றின் சேர்க்கையைக் கண்டவர் சீனர். உயிரை நீட்டிக்கும் மருந்து தேடியவர்களின் உலையில் இது பிறந்தது என்பர். சீன மொழியில் இதன் பெயரே ‘நெருப்பு மருந்து’ என்னும் பொருளது. அரபு நூல்களிலும் இக்கலவை ‘தவா’ எனப்பட்டது, அதுவும் மருந்தே. தமிழரும் ‘மருந்து’ என்றே வழங்குகிறோம். வேட்டுக்கு மருந்து கெட்டித்தல் என்பது இன்றும் கேட்கும் பேச்சு. மூன்று மொழியினரும் ஒரு பொருளை ஒரே கண்கொண்டு பார்த்தனர் என்பதற்கு இச்சொல் சான்று.

அந்தலூசியாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், வெடியுப்பைத் ‘தல்ஜுஸ் ஸீன்’ என்று குறிக்கிறார். ‘சீனத்துப் பனி’ என்பது பொருள். பாரசீகர் அதனைச் ‘சீன உப்பு’ என்றனர். பொருள் வந்த திசையைப் பெயரே காட்டி நிற்கிறது.

அதே நூற்றாண்டின் இறுதியில் ஷாம் நாட்டில் வாழ்ந்த ஹசனுர் ரம்மாஹ் என்பார் குதிரையேற்றம், போர்க்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வெடிமருந்துச் சேர்மானங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. மரச்சாம்பற் கரைசலைக் கொண்டு வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறையை அவர் விளக்குகிறார். போர்க்கலை நூலாயிற்றே, அதில் அழிவுக் கருவிகள் மட்டுமே இருக்கும் என்று எண்ணுதல் வேண்டா. ‘சீனப் பூ’ போன்ற பெயருடைய வேடிக்கை வாணங்களும் அதில் இடம்பெற்றுள்ளன. அவற்றுக்குச் ‘சீன இரும்பு’ எனப்படும் இரும்புத்தூள் சேர்க்கப்பட்டது.

இங்குச் சற்று நிற்க வேண்டும். கரி மட்டும் எரிந்தால் மங்கிய செம்பொன் நிறப் பொறி வரும். வார்ப்பிரும்புத் தூளைச் சேர்த்தால் பொறி பறக்கும்போதே வெடித்துக் கிளைவிடும். இரும்புக்குள் ஒளிந்திருக்கும் கரிப்பொருள் எரிந்து வளியாகி, உருகிய துளியைச் சிதற அடிப்பதே காரணம். என் மருமகன் படத்தில் இரண்டாய்ப் பிளந்த அந்த இழை, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஷாம் நாட்டுப் போராசிரியர் ஒருவர் ‘பூ’ என்று பெயரிட்ட வேதிமுறையின் வழிவந்ததே.

தென்னாட்டு இரவுகள்

1443இல் ஹிராத்தின் அரசர் ஷாருக் அனுப்பிய தூதராக அப்துர் ரஸ்ஸாக் சமர்கந்தி விஜயநகரம் வந்தார். அங்கே மகாநவமி விழாவைக் கண்ட அவர், அதில் நிகழ்ந்த வாணவேடிக்கையின் வகைகளை விரித்துரைத்தால் பெருகும் என்ற கருத்துப்பட எழுதிச் செல்கிறார். பேரரசுகள் பலவற்றின் ஆடம்பரத்தை அறிந்த ஒருவர் வியந்து நின்ற காட்சி அது.

பின்னர் வாணவேடிக்கை கோயில் திருவிழாவுக்கும், தர்கா கந்தூரிக்கும், மாதா கோயில் தேருக்கும் பொதுவாயிற்று. நாகூர்க் கந்தூரியின் இரவுகளில் வாணம் பார்க்க எச்சமயத்தாரும் கூடுவதை அறியாதார் யார்?

ஓவியர் கண்டதும் அறிஞர் கண்டித்ததும்

எரிந்தவுடன் மறையும் ஒன்றை நிலைக்க வைக்க முதலில் முயன்றவர் ஓவியர். துருக்கி சுல்தான் மூன்றாம் முராத், தம் மகன் முஹம்மதின் சுன்னத்து விழாவை 1582இல் இஸ்தான்புல்லின் குதிரைப் பந்தயத் திடலில் ஐம்பது நாட்களுக்கு மேல் நடத்தினார். நக்காஷ் உஸ்மானும் அவர்தம் குழுவினரும் அதனை நூலோவியமாக்கினர். 1720இல் மூன்றாம் அஹ்மதின் புதல்வர் நால்வரின் விழாவை லெவ்னீ என்னும் ஓவியர் தீட்டினார். நீர்மேல் மிதக்கும் மேடைகளிலிருந்து இரவு வானில் எழும் வாணங்களை அவர் ஏடுகளில் இன்றும் காணலாம்.

நம் நாட்டில் தாராஷிக்கோவின் திருமண வாணங்கள் (1633) ஓவியங்களில் புகழ்பெற்றன. பதினெட்டாம் நூற்றாண்டு முகலாய ஓவியங்களில் பராஅத் இரவுக் காட்சி ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. மாடத்தில் மங்கையர் நிற்பர். கையிலுள்ள மத்தாப்பிலிருந்து பொறி உதிரும். கரிய பின்புலத்தில் தங்க மையால் மெல்லிய கோடுகள் இழைந்திருக்கும். உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அந்தக் கோடுகள் ஒரு நொடியின் தோற்றமல்ல. பல நொடிகளில் பறந்த பொறிகளின் தடங்களை நினைவில் சேர்த்து, ஓவியன் ஒரே தாளில் வைத்திருக்கிறான்.

இதே முகலாயர் காலத்தில் எதிர்க்குரலும் எழுந்தது. தில்லியின் பேரறிஞர் ஷைகு அப்துல் ஹக் முஹத்திஸ் தெஹ்லவி (1551–1642), பராஅத் இரவில் விளக்கு வரிசை வைத்தலையும் நெருப்பு விளையாட்டையும் மார்க்கத்தில் இல்லாத வழக்கம் என்று கடிந்து எழுதினார். வழிபாட்டுக்குரிய இரவு வேடிக்கைக்குரியதாகிவிட்டதே என்பது அவர் கவலை. நான் என் மாணவர்க்குச் சொல்லி வந்ததும் அவ்வழிப்பட்டதே. ஆயினும் இன்று அக்கால வாணம் எப்படி எரிந்தது என்று அறிய விரும்பினால், ஓவியன் ஏடும் வேண்டும். ஷைகவர்களின் ஏடும் வேண்டும். ஒருவர் அதன் அழகைப் பதிந்தார். ஒருவர் அது எவ்வளவு பரவியிருந்தது என்பதைப் பதிந்தார். கண்டனமும் வரலாற்றுக்குச் சான்றாகும்.

ஒரு காசு பெற்ற ஓவியம்

வாணத்தைக் கலையென்று ஏற்பதா என்னும் வழக்கு ஒருமுறை நீதிமன்றமும் ஏறியது. லண்டனில் கிரமோர்ன் பூங்கா என்னும் களியாட்டத் தோட்டம் இருந்தது. இரவுதோறும் அங்கே வாணம் விடுவர். ஜேம்ஸ் விஸ்லர் என்னும் அமெரிக்க ஓவியர் அதில் விழுந்து மறையும் ராக்கெட் ஒன்றைத் தீட்டினார். கருநீல இருள், புகை, அங்கங்கே தெறித்த பொற்புள்ளிகள், அவ்வளவே படம். 1877இல் அது காட்சிக்கு வந்தபோது, அக்காலத்தின் தலைசிறந்த கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின், ஒரு குடுவை வண்ணத்தைப் பொதுமக்கள் முகத்தில் வீசிவிட்டு இருநூறு கினி கேட்பதா என்னும் பொருளில் எழுதினார். ஓவியர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1878இல் தீர்ப்பு ஓவியர் பக்கமே அமைந்தது. இழப்பீடாகக் கிடைத்தது ஒரு ஃபார்திங். அந்நாட்டின் மிகச் சிறிய காசுகளுள் ஒன்று. வழக்குச் செலவு சுமையாகி, மறு ஆண்டு அவர் நொடித்துப் போனார். அப்படம் இன்று அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் கலைக்கூடத்தில் பேணப்படுகிறது. காசைக் கரியாக்கியவன் வாணம் விட்டவன். அந்தக் கரியிலிருந்து கலையைத் தேடியவனும் கடனாளியானான்.

இருட்டறையின் கதை

இனி மருமகன் கேள்விக்கு வருவோம். ‘கேமரா’ என்னும் சொல்லை அரபுச் சொல்லாகக் காட்ட நம்மவருள் சிலர் முயல்வதுண்டு. அது பொருந்தாது. கேமரா என்பது லத்தீன் மொழியில் அறையைக் குறிக்கும் சொல். கிரேக்கத்திலிருந்து அங்கே சென்றது. சொல்லுக்கு உரிமை கொண்டாட வேண்டிய தேவை நமக்கு இல்லை. அச்சொல் குறிக்கும் பொருளை ஆராய்ந்தவர் பெயரே போதும். பஸராவில் 965இல் பிறந்து கெய்ரோவில் ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னுல் ஹைதம், ‘அல்பைத்துல் முழ்லிம்’ என்னும் இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியைப் புகவிட்டு ஆய்ந்தார். கிரகணத்தின்போது சூரியன் பிறையாகத் துளைவழி விழுவதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாசல் நகரில் அச்சேறியது.

அந்நூலில் ஒரு பம்பரம் வருகிறது. பல நிறக் கோடுகள் தீட்டிய பம்பரத்தை விரைவாகச் சுழற்றினால் நிறங்கள் தனித்தனியே தோன்றா. எல்லாம் கலந்து ஒரே நிறமாகத் தெரியும். இதைக் கொண்டு அவர் நிறுவும் கருத்து யாதெனில், காண்பதற்குக் காலம் வேண்டும் என்பதாம். நிறம் தன்னைக் கண்ணுக்கு உணர்த்துமளவு நேரம் ஓரிடத்தில் நில்லாவிடின், கண் அதனைப் பிரித்தறியாது. தமிழில் ‘கொள்ளிவட்டம்’ என்ற சொல் இருப்பதையும் இங்கு நினைக்கலாம். எரிகொள்ளியைச் சுழற்றினால் வட்டம் தெரிகிறது. வட்டம் என ஒன்று அங்கே இல்லை. கண் ஒரு சிறுபொழுதின் ஒளியைச் சேர்த்துக் காட்டுகிறது. பொழுது நீண்டால் அதற்கு அத்திறன் இல்லை. புஸ்வாணத்தின் பொறி எழுந்து விழ இரண்டு நொடி ஆகும்போது, எழுந்த தடத்தைக் கண் இழந்துவிடுகிறது.

கேமராவோ இழப்பதில்லை. திரை திறந்திருக்கும் வரை வந்த ஒளி அனைத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்கிறது. மருமகன் நான்கு நொடி திறந்து வைத்தான். நான்கு நொடியில் பறந்த பொறிகள் யாவும் ஒருங்கே நின்று மரமாயின. முகலாய ஓவியன் நினைவால் செய்ததைக் கருவி ஒளியால் செய்தது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் வரலாற்றில் உண்டு. 1838இல் பாரீஸ் நகரில் டாகுர் என்பவர் தம் மாடியிலிருந்து ஒரு பெருந்தெருவைப் படமெடுத்தார். வண்டியும் மக்களும் நிறைந்த தெரு. படத்திலோ வெறிச்சோடிக் கிடந்தது. பல நிமிடம் ஒளியேற்ற வேண்டிய தகடு அது. நடந்தவர் யாரும் அதில் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றுவதற்காக ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். நீண்ட நேரம், நடப்பவரை அழித்தது. பறக்கும் பொறியையோ வரைகிறது. நடப்பவர் பிறிதொன்றின் ஒளியை மங்கலாகத் திருப்பித் தருபவர். பொறி, இருளின் நடுவே தன் ஒளியைத் தானே சுமந்து செல்வது. வேறுபாடு அதுதான்.

கொல்லைப்புறத்தில் இதனை முயல விரும்புவோர்க்குச் சில சொற்கள். கேமரா அசையாதிருக்க முக்காலி வேண்டும். வீட்டு விளக்குகளை அணைத்துவிட வேண்டும். கேமராவின் மின்னொளியையும் நிறுத்துக. அது புகையை வெளுப்பாக்கிப் படத்தைக் கெடுக்கும். லென்சின் துளையைச் சிறிதாக்கி, திரையை நான்கைந்து நொடி திறந்து வைக்க வேண்டும். ஓடும் ஒளி ஓரிடத்தில் இமைப்பொழுதே நிற்பதால், கோட்டின் பொலிவைத் துளையின் அளவே தீர்மானிக்கும். திறந்திருக்கும் நேரம் கோட்டின் நீளத்தையும் எண்ணிக்கையையும் பெருக்கும். அதேநேரம் நிலையாக நிற்கும் சுவரும் மரமும் மெல்ல வெளிச்சம் பெறும். காற்று வீசும் திசைக்குப் பக்கவாட்டில் நின்றால் புகை படத்தை மறைக்காது. வாணத்துக்கும் ஆளுக்கும் இடையே தொலைவு வேண்டும். அருகில் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும்.

ஏணியும் ஏடும்

வெடிமருந்தையே தூரிகையாகக் கொண்ட கலைஞர் ஒருவர் நம் காலத்தில் உள்ளார். சாய் குவோ-சியாங் என்பது பெயர். 1957இல் சீனத்தின் சுவான்சௌ நகரில் பிறந்தவர். அரபு வணிகர் ‘ஜைத்தூன்’ என்று அழைத்த துறைமுகம் அதுவே. இப்னு பதூதா சென்ற ஊர். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்த ஊரும் அதுவே. அவர் 2015இல் தம் ஊர்க் கடற்கரையில் 500 மீட்டர் உயர ஏணி ஒன்றைப் பெரிய பலூனில் தொங்கவிட்டு, அடியிலிருந்து நுனிவரை தீயேற்றினார். நூறு வயதுப் பாட்டிக்காகச் செய்தது. அம்மூதாட்டி அதனைக் கைப்பேசித் திரையில் கண்டார். ஏணி சில நிமிடத்தில் எரிந்து மறைந்தது. உலகம் இன்று அறிந்திருப்பது அதன் படத்தையே.

படத்தில் விழாத கைகள்

இவ்வளவும் சொன்ன பின் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய இருவரால் சிவகாசியின் தொழில் வளர்ந்தது. பின்னர்ப் பட்டாசும் பெருகி, நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி அவ்வட்டாரத்தில் உருவாகும் நிலை வந்தது. புஸ்வாணக் குழாயில் மருந்து கெட்டிப்பது மனிதர் கை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அது முதல் விபத்துமன்று, கடைசி விபத்துமன்று. 2018இல் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்ப்பதைத் தடைசெய்தது. வாணத்தின் பச்சை நிறத்துக்கு மூலம் அவ்வுப்பே என்பதை அறிந்தால், நாம் ‘ஆகா’ என்று வியந்த நிறத்துக்கும் ஒரு விலை இருந்தது புலனாகும்.

ஒளியின் தடமெல்லாம் பதியும் படத்தில் இந்தக் கைகள் பதிவதில்லை. அவற்றை எழுதி வைப்பது ஏட்டின் கடன்.

ஆகவே என் பழைய பாடத்தை நான் கைவிடவில்லை; சிறிது திருத்திக்கொண்டேன். பத்தாயிரம் வாலாச் சரத்தைக் கொளுத்திக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது இன்றும் எனக்குக் காசைக் கரியாக்குவதே. ஒற்றைப் புஸ்வாணத்தை வைத்து, அது எழும் வடிவை நோக்கி, ஏன் கிளைவிடுகிறது என்று கேட்டு, படமாக்கிப் பேணும் பிள்ளையை அதே சொல்லால் கடிய என் நா எழவில்லை. அவன் கரியிலிருந்து ஓர் அறிவை மீட்கிறான்.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். ஃபிலிம் சுருளில் படமெடுத்த காலத்தில் கந்தூரி இரவிலும் திருமண ஊர்வலத்திலும் எடுத்த சில படங்களில் வெண்கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடியிருக்கும். பழுதுபட்ட படம் என்று அவற்றைப் பெட்டியின் அடியில் போட்டிருப்பீர்கள். எறிந்துவிடாதீர்கள். அவை திரை சற்றுக் கூடுதலாகத் திறந்திருந்தபோது அவ்வூரின் வாணம் தன் கையால் எழுதிய எழுத்துகள். பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். வாணம் கட்டியவர் பெயர் தெரிந்தால் அதனையும் சேர்த்தெழுதுங்கள்.

என் மருமகனிடமும் அவ்வாறே சொன்னேன். படத்தின் கீழே அவன் எழுதினான்: இடம், நாள், புஸ்வாணம், நான்கு நொடி. சற்று எண்ணிப் பார்த்து, ‘சிவகாசியில் கட்டியது’ என்றும் சேர்த்தான்.